பாதியில் திரும்பிய கோடு

ரொறன்ரோவில் பல வருடம் நான் ஒரு கேள்விக்காகக் காத்திருந்தேன். "இது நீங்கள் வரைந்ததா?" என்று யாராவது கேட்க வேண்டும். கேட்பவர் வெள்ளைக்காரரானாலும் சரி, எங்கள் ஆட்களானாலும் சரி, குடிவெறியில் தள்ளாடுகிறவரானாலும் சரி. ஓம் என்று ஒரு சொல் சொல்லிவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பேன். அந்தக் கேள்வி கடைசியில் வந்தது. அது வந்த விதத்தைத்தான் இங்கே எழுதுகிறேன். வாசித்துவிட்டு என்னை நல்லவன் என்று நினைக்க வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை.

யாழ்ப்பாணத்தில் நான் நில அளவைக் கந்தோரில் படம் வரைபவன். அளப்பவர் வெயிலில் சங்கிலி இழுத்துக் கொண்டுவரும் எண்களை மேசையில் வைத்து நான் காணியாக்குவேன். வேலி, கிணறு, ஒழுங்கை, பக்கத்துக் காணிக்காரரின் பெயர் எல்லாம் கறுப்பு மையில், மயிர் போன்ற கோட்டில். படத்தின் வலது கீழ் மூலையில் ஒரு சின்னப் பெட்டி இருக்கும். அளந்தவர், வரைந்தவர், சரிபார்த்தவர் என்று மூன்று வரி. நடு வரியில் என் கையொப்பம். எல்லைச் சண்டையில் நீதிமன்றத்துக்குப் போகும் படத்திலும் அது இருக்கும். நீதவான் என் முகத்தைக் கண்டதில்லை, என் கையொப்பத்தைக் கண்டிருப்பார். பதினொரு வருடம் இப்படி வேலை செய்தவனுக்கு, தான் வரைந்த எதிலும் மூலையில் ஒரு பெட்டி வேண்டும் என்பது பழக்கமாகிவிட்டது. பழக்கம் என்ன, வியாதி.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அகதியாக வந்து, பார்க்டேலில் ஒரு மாடிக் கட்டடத்தில் ஐந்து பேரோடு ஒரே அப்பார்ட்மென்டில் இருந்தேன். முதல் வருடம் உணவகத்தில் கோப்பை கழுவினேன். பிறகு ரயில் பாதையோரம் கல்லறைக் கல் செய்யும் பட்டறை ஒன்றில், படம் வரையத் தெரிந்த ஆள் தேவை என்று கேள்விப்பட்டுப் போனேன். முதலாளி ஒரு பென்சிலும் தாளும் தந்து, தேவதை ஒன்றை வரையச் சொன்னார். நான் தேவதையைக் கண்டதில்லை. எங்கள் ஊர்க் கலண்டரில் இருந்த லட்சுமிக்கு இறக்கை வைத்துக் கொடுத்தேன். அடுத்த நாளே வேலைக்கு வரச் சொன்னார்.

வேலை இப்படி நடக்கும். கருங்கல்லில் தடித்த ரப்பர் தாளை ஒட்டுவோம். அதன் மேல் நான் வடிவத்தை வரைந்து சின்னக் கத்தியால் வெட்டுவேன். கல் குழிய வேண்டிய இடத்து ரப்பரை உரித்து எடுப்பேன், மற்றதை விட்டுவிடுவேன். கல்லை ஒரு மூடிய அறைக்குள் தள்ளி, காற்றழுத்தத்தில் மணலை அதன் மேல் அடிப்பார்கள். உரித்த இடம் பள்ளமாகும், ரப்பர் மூடியிருந்த இடம் மேடாக நிற்கும். கடைசியில் நான் சிற்றுளியை எடுத்து, ஒரு கோடு மற்றதன் அடியில் நுழையும் இடங்களைச் சரித்துவிடுவேன். அப்போதுதான் கல் கயிறு போலத் தெரியும்.

கயிறு என்று சொல்லக் காரணம் உண்டு. பட்டறைக்கு வருபவர்களில் பாதிப் பேர் ஸ்கொட்லாந்து, அயர்லாந்து வழி வந்தவர்கள். அவர்களுக்கு வட்டம் சேர்ந்த சிலுவை வேண்டும், அதன் தண்டு முழுக்கப் பின்னல் வேண்டும். முதலாளியிடம் அதற்கு நாலு மாதிரித் தாள்கள் இருந்தன. அவருடைய தகப்பன் காலத்தில் யாரோ பார்த்து வரைந்ததைப் பார்த்து வரைந்தவை. முதல் வாரமே கண்டுபிடித்தேன், அவற்றில் ஒன்றில் ஒரு கோடு மற்றதன் அடியில் நுழைந்தது, மறுபக்கம் வரவே இல்லை. முதலாளியிடம் காட்டினேன். "யாரும் பார்க்க மாட்டார்கள்" என்றார். காணிப் படத்தில் ஒரு எல்லைக் கோடு இப்படிக் காணாமல் போனால் இரண்டு குடும்பம் வெட்டிக்கொண்டு சாகும். எனக்குப் பொறுக்கவில்லை.

நூலகத்தில் அந்தப் பழைய சிலுவைகளின் படங்கள் உள்ள பெரிய புத்தகம் ஒன்று கிடைத்தது. ஆயிரம் வருடத்துக்கும் மேலாக மழையில் நின்ற கற்கள். செதுக்கியவர்கள் முதலில் கல்லைக் காணி பிரிப்பது போலக் கட்டங்களாகப் பிரித்திருக்கிறார்கள். ஒரு கட்டத்தில் சுருள்கள், ஒன்றுக்குள் ஒன்று சுழன்று அடுத்ததற்குள் ஓடும். இன்னொன்றில் படிக்கட்டு மடிந்து மடிந்து போவது போன்ற நேர்கோடுகள். ஒன்றில் தங்கள் வாலையே கடிக்கும் மிருகங்கள். ஒன்றில் முந்திரிகைக் கொடி, அதில் திராட்சைப் பழம் கொத்தும் பறவைகள். எல்லாவற்றிலும் என்னைப் பிடித்தது பின்னல்தான். முடிக்காமல் விட்ட ஒரு கல்லின் படம் இருந்தது. அதில் சமதூரத்தில் குத்திய புள்ளிகள் அப்படியே தெரிந்தன. நான் மேசையில் செய்வதையே அதைச் செதுக்கியவன் கல்லில் செய்திருக்கிறான். அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் இருந்தேன். நாடு விட்டு வந்த பிறகு எனக்கு மனம் நிறைந்த முதல் நாள் அது.

இந்த இடத்தில் நீங்கள் கோலத்தை நினைப்பீர்கள், தெரியும். முதலாளியும் யாரோ சொல்லக் கேட்டு, உங்கள் பெண்கள் வாசலில் இதைத்தானே போடுகிறார்கள் என்றார். என் தாய் வாசலுக்குச் சாணித் தண்ணீர் தெளிப்பதோடு சரி. எனக்கு இது இரத்தத்தில் வரவில்லை, பதினொரு வருடம் பென்சிலும் அழிறப்பருமாக இருந்ததால் வந்தது. அதைச் சொன்னால் யாருக்கும் சுவைப்பதில்லை.

பின்னலின் சூட்சுமம் எளிமையானது. முதலில் கோடுகளைச் சும்மா பாய் முடைவது போலக் குறுக்கும் மறுக்குமாக ஓடவிட வேண்டும். பிறகு ஏதாவது ஒரு சந்தியில், கோடுகள் ஒன்றையொன்று கடக்கும் இடத்தில், அவற்றை வெட்டி, வந்த பக்கமே திருப்பி ஒட்ட வேண்டும். அங்கே ஒரு முடிச்சு பிறக்கும். இப்படிச் சந்தி சந்தியாக வெட்டி ஒட்டித்தான் அந்த அழகெல்லாம். ஆனால் ஒவ்வொரு வெட்டிலும் ஒரு ஆபத்து இருக்கிறது. ஒரே கோடாக ஓடிக்கொண்டிருப்பது இரண்டாகப் பிரிந்துவிடலாம். பிரிந்தால் இரண்டு வளையங்கள் ஒன்றையொன்று பின்னிக்கொண்டு கிடக்கும், ஆனால் ஒன்று மற்றதோடு சேராது. கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. பென்சிலை எடுக்காமல் ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

அந்தச் சிலுவைகள் சிலவற்றில் எழுத்தும் இருக்கிறது. இதைச் செய்வித்த அரசனுக்காகவோ துறவிமடத் தலைவருக்காகவோ பிரார்த்தியுங்கள் என்று பார்ப்பவரைக் கேட்கும் எழுத்து. செதுக்கியவனின் பெயர் ஒன்றிரண்டு கல்லில் இருந்தால் அதிசயம். ஆயிரம் வருடமாக இதே கூத்துத்தான் என்று வாசித்தபோது எனக்கு ஆறுதல் வரவில்லை, வயிறுதான் எரிந்தது.

ஏனென்றால் என் கதையும் அதேதான். நான் வந்த பிறகு பட்டறையின் பின்னல் சிலுவைகளுக்குப் பெயர் வந்தது. முன்பக்கக் கடையில் முதலாளி வருபவர்களிடம், "எங்கள் கைவினைஞர் பழைய நாட்டில் கற்றவர்" என்பார். அதைப் பொய் என்றும் சொல்ல முடியாது, யாழ்ப்பாணமும் பழைய நாடுதான். ஆனால் வாடிக்கையாளர் வந்தால் பின்கதவைச் சாத்திவை என்று எனக்கு உத்தரவு. அவர் கெட்டவர் இல்லை. துக்கத்தில் வருபவர்கள் என் முகத்தைக் கண்டால் குழம்புவார்கள் என்று அன்பாகவே விளக்கினார். அன்பாகச் சொன்னதால் திருப்பி ஏசவும் முடியவில்லை.

வீட்டிலும் எனக்கு மரியாதை குறைவில்லை! அறையில் மூத்தவரான அண்ணை ஒருவர் நான் வரும் நேரம் பார்த்து வாசலில் நிற்பார்.

"கல்லறைத் தூசியோட குசினிக்குள்ள கால் வைக்காதை. சுவாமிப் படம் இருக்கு. முழுகிப்போட்டு வா."

"அண்ணை, அது புதுக் கல்லு. ஒருத்தரும் இன்னும் அதுக்குக் கீழ படுக்கேல்லை."

"படுக்கப் போயினந்தானே?"

சாவுத் துடக்கு என்றால் துடக்குத்தான். ரொறன்ரோப் பனியில் நடந்து வந்து, தலையில் தண்ணீர் வார்த்த பிறகுதான் எனக்குச் சோறு. என்னை அவர்கள் "சுடலை" என்று கூப்பிட்டார்கள். கொழும்பில் ஒரு அறையில் மகளோடு காத்திருந்த மனைவிக்கு நான் கல் கொம்பனியில் வேலை என்று மட்டும் எழுதினேன். அவள் அதை வீடு கட்டும் கொம்பனி என்று சொந்தக்காரருக்குச் சொல்லிவைத்தாள். இங்கே வெள்ளைக்காரனுக்கு நான் தெரியக் கூடாது, அங்கே எங்கள் ஆட்களுக்கு வேலை தெரியக் கூடாது. நடுவில் கத்தியும் கையுமாக நான்.

இந்த நிலையில்தான் அந்த விதவை அம்மாவின் ஓர்டர் வந்தது. முதலாளி எழுதித் தந்த தாளில் விவரம் இருந்தது. கணவர் ஸ்கொட்லாந்தின் மேற்குக் கரையில் ஒரு தீவுக்காரர். அந்தத் தீவின் கோயில் வளவில் பழைய சிலுவை ஒன்று நின்றதாம். சின்ன வயதில் அதன் பின்னலில் விரலை வைத்து ஓட்டுவாராம், எங்கே தொடங்கினாலும் முழுக் கல்லையும் சுற்றித் தொடங்கிய இடத்துக்கே விரல் வந்துவிடுமாம். அதுபோல ஒன்று வேண்டும். மேலே ஒரு சட்டத்துக்குள் கணவரின் பெயர், கீழே இன்னொரு சட்டம், அது இப்போதைக்கு வெறுமையாக, பின்னால் அந்த அம்மாவின் பெயருக்கு. ஒரே கோடு இரண்டு சட்டத்தையும் சுற்ற வேண்டும், நடுவில் முடிச்சுகளாக ஓட வேண்டும். கடைசி வரியில், கோடு விரல் அகலம் இருக்கட்டும் என்று எழுதியிருந்தது.

அந்தக் கடைசி வரியை வாசித்துவிட்டுக் கிழவிக்கு என்ன ஆசை பார் என்று சிரித்தேன். விரல் அகலக் கோடு என்றால் சந்திகள் குறையும், கணக்கு இறுகும். நாலு வாரம் கட்டத் தாளில் போட்டுப் போட்டு அழித்தேன். மூன்று கோடாகப் பிரிந்தது, இரண்டாக வந்தது, மறுபடி மூன்றானது. ஒரு சனிக்கிழமை காலை பென்சில் கணவரின் சட்டத்தைச் சுற்றிக் கீழே இறங்கி, நடு முடிச்சுகளுக்குள் புகுந்து, வெறும் சட்டத்தைச் சுற்றி, மறுபடி மேலே ஏறித் தொடங்கிய புள்ளியில் வந்து நின்றது. ஒரே கோடு. எழும்பி நின்று தனியாகக் கை தட்டினேன். நான் வரைந்தவற்றிலேயே நல்லது அதுதான் என்று இன்றைக்கும் சொல்வேன்.

படத்தைப் பார்க்க அந்த அம்மா வந்த நாள் மழை. முதலாளிக்கு வரைபலகையை முன்னுக்குத் தூக்கிவர ஆள் வேண்டியிருந்ததால் என்னைக் கூப்பிட்டார். தூசி படிந்த ஏப்ரனோடு கொண்டுபோய் மேசையில் வைத்தேன். அந்த அம்மா நாற்காலியில் நிமிர்ந்து இருந்தார். என் பக்கம் கை நீட்டி, ஈரக் குடையைத் தந்து, "நன்றி அப்பனே, சொட்டினாலும் பரவாயில்லாத இடமாகப் பார்த்து வைத்துவிடு" என்றார். பார்வை என் தோளுக்கு மேலால் சுவருக்குப் போனது. குடையை வாங்கிக்கொண்டு இரண்டு நொடி நின்றேன், அந்தக் கேள்வி வந்துவிடாதா என்று. முதலாளி கண்ணால் கதவைக் காட்டினார்.

கதவிடுக்கால் மீதியைப் பார்த்தேன். கைவினைஞரை ஒருமுறை சந்திக்க வேண்டும் என்று அந்த அம்மா கேட்டார். முதலாளி ஒரு கணம் யோசித்துவிட்டு வெளியே போய், எங்கள் ட்ரக் ஓட்டுநரை அழைத்து வந்தார். சிவந்த தாடி, அகன்ற தோள், தலையில் கம்பளித் தொப்பி. ஆள் போலந்துக்காரன். வாய் திறக்கக் கூடாது என்று சொல்லித்தான் கொண்டுவந்திருக்க வேண்டும். "இவர் கூச்ச சுபாவம், பேச மாட்டார்" என்றார் முதலாளி. அந்த அம்மா அவனுடைய இரண்டு கையையும் தன் கைகளுக்குள் எடுத்து, விரல் விரலாக அழுத்திப் பார்த்தார். "கல்லைத் தெரிந்த கை" என்றார். கல்லை ஏற்றி இறக்கிக் காய்த்த கை, அது உண்மைதான். பிறகு என் படத்தின் மேல் மூக்கு முட்டக் குனிந்து பார்த்தார். பிழை பிடிக்கப் பார்க்கிறார் என்று நினைத்தேன். "ஒரே கோடுதானே?" என்று கேட்டார். அது ஒரே கோடா ஒன்பது கோடா என்று தெரியாத முதலாளி, ஓம் என்றார்.

போகும்போது தான் சுட்ட பழக் கேக் ஒன்றைப் பொதியோடு போலந்துக்காரனின் கையில் வைத்தார். அவன் அதைப் பின்னறைக்குக் கொண்டுவந்து சரிபாதியாக வெட்டி ஒரு பாதியை எனக்கு நீட்டினான். நான் தொடவில்லை. அந்தக் கேக்கை வாங்கித் தின்றிருந்தால் இவ்வளவும் நடந்திருக்காதோ என்று சில நாள் நினைப்பதுண்டு. இல்லை, நடந்திருக்கும். என் குணம் எனக்குத் தெரியும்.

அடுத்த நாள் ரப்பரில் கத்தி வைத்தேன். மேலிருந்து வெட்டிக்கொண்டு நடுவுக்கு வந்தபோது கை நின்றது. நடுவில் ஒரு சந்தி, மேலிருந்து இறங்கும் கோடும் கீழிருந்து ஏறும் கோடும் கடக்கும் இடம். அதை இரண்டு விதமாக வெட்டித் திருப்பலாம். படத்தில் நான் போட்ட விதத்தில் திருப்பினால் கோடு ஒன்றாகவே இருக்கும். மற்ற விதத்தில் திருப்பினால், மேல் கோடு மேலேயே திரும்பிக் கணவரின் பெயரை மட்டும் சுற்றும், கீழ்க் கோடு கீழேயே திரும்பி வெறும் சட்டத்தை மட்டும் சுற்றும். நடு முடிச்சுகளில் இரண்டும் பின்னிக் கிடக்கும், மேல் கீழ் ஒழுங்கு ஒரு இடத்திலும் பிசகாது. முதலாளிக்குத் தெரியாது, போலந்துக்காரனுக்குத் தெரியாது, குடையைத் தந்து சுவரைப் பார்த்த கிழவிக்கு ஒருநாளும் தெரியாது. எனக்குத் தெரியும். அது என் மூலைப் பெட்டி.

கையெல்லாம் நிதானமாகத்தான் இருந்தது. இரண்டாவது விதமாக வெட்டினேன்.

அன்றைக்கு வீட்டில் முழுகிவிட்டு வந்து அண்ணையிடம் சொன்னேன். அவர் தொடையில் அடித்துச் சிரித்தார்.

"உவங்களுக்கு உது வேணும். சரியான விளையாட்டு விட்டிருக்கிறாய்!"

நானும் சிரித்தேன். பார்க்டேலில் இருந்த காலத்தில் நான் அப்படி மனம்விட்டுச் சிரித்தது அந்த ஒரு தரம்தான்.

நிலம் உறைந்திருந்ததால் கல்லை வசந்தத்தில்தான் நட்டார்கள். நட்டுவிட்டு வந்த போலந்துக்காரன் மதியச் சாப்பாட்டு மேசையில் என் எதிரே இருந்து, தன் உடைந்த ஆங்கிலத்தில் ஒரு செய்தி போலச் சொன்னான். கல்லறைகள் இருக்கும் சேமக்காலைக்கு அந்த அம்மா வந்திருந்தாராம். தன் விரலைப் பிடித்துக் கணவரின் பெயருக்கு மேலே கோட்டில் வைத்துவிடச் சொன்னாராம். அவன் வைத்துவிட்டான். விரல் கீழ்ச் சட்டத்துக்குப் போகாமலே சுற்றி வந்து அதே இடத்தில் நின்றதாம். அவர் மறுபடி தொடங்கினாராம், மறுபடியும் அதே இடம். "நான் எங்கே தவறவிட்டேன்?" என்று அவனைக் கேட்டிருக்கிறார். அவனுக்கு விளங்கவில்லை, வேறு ஒரு கல்லும் ட்ரக்கில் இருந்தது, வந்துவிட்டான்.

"ஏன் விரலைப் பிடித்து வைக்க வேண்டும்?" என்று கேட்டேன்.

அவன் வாய் நிறைய ரொட்டியோடு என்னை அதிசயமாகப் பார்த்தான். "அவவுக்குக் கண் தெரியாதே. வெளிச்சமும் நிழலும் மட்டுந்தான். உனக்குத் தெரியாதா?"

விரல் அகலக் கோடு. மூக்கு முட்டக் குனிந்தது. விரல் விரலாகக் கை பார்த்தது. குடையை நீட்டிவிட்டுச் சுவரைப் பார்த்தது. எல்லாம் என் முன்னால்தான் நடந்தது. தாளில் எழுதியும் தந்திருந்தார்கள். என் வாழ்க்கையில் அவ்வளவு வெட்கப்பட்டதில்லை. வெட்கத்தோடு பயமும் வந்தது, பயம்தான் பெரிதாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கல்லில் வெட்டியதை இன்னும் வெட்டலாம், ஒட்ட முடியாது. முதலாளியிடம் சொன்னால் புதுக் கல் போட வேண்டும், நான் வெளியே போக வேண்டும். மனைவியையும் மகளையும் கூப்பிடும் பத்திரங்களோடு நான் கொடுத்திருந்த வேலைக் கடிதம் அந்த முதலாளி கையெழுத்திட்டது. அதனால் வாயை மூடிக்கொண்டேன். நல்ல காரணம் ஒன்று கையில் கிடைத்துவிட்டால் மனிதன் எவ்வளவு காலமும் வாயை மூடிக்கொண்டிருப்பான். அவர்கள் வந்து சேர்ந்த பிறகும் நான் சொல்லவில்லை. அப்போது காரணம் எதுவும் இருக்கவில்லை. அதுவும் பழகிவிட்டது.

மல்வேர்னில் ஒரு அப்பார்ட்மென்டுக்கு மாறினோம். பட்டறைக்கு இரண்டு பஸ், ஒரு சப்வே, ஒரு ஸ்ட்ரீட்கார். மகள் ஆங்கிலத்தில் கனவு காணத் தொடங்கியிருந்தாள். என்ன வேலை செய்கிறேன் என்று மனைவிக்கு வந்த மாதமே தெரிந்துவிட்டது, அவள் முழுகச் சொல்லவில்லை, சப்பாத்தை வெளியில் கழற்றச் சொன்னதோடு சரி. ஒரு ஞாயிறு அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது, பக்கத்தில் இருந்து இந்தக் கதையை முழுக்கச் சொன்னேன். பாதி என் திறமைக்காக, பாதி அவள் பரவாயில்லை என்று சொல்லட்டும் என்பதற்காக. அவள் கடைசித் தண்டையும் ஆய்ந்து முடித்தாள்.

"அந்த மனிசி உங்களைக் காணேல்லை எண்டுதானே உங்களுக்குக் கோவம்?"

"ஓம்."

"அவவுக்குக் கண் தெரியாது. உங்களுக்குத் தெரியுந்தானே?"

கீரைச் சட்டியை எடுத்துக்கொண்டு எழும்பிப் போய்விட்டாள். அதன் பிறகு அந்தப் பேச்சை அவளும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

தொண்ணூறுகள் முடியும் தறுவாயில் அந்த அம்மா இறந்துபோனார். ஓர்டர் தாள் வந்தது. வெறும் சட்டத்தில் பெயரும் வருடங்களும் வெட்ட வேண்டும். நட்ட கல்லைப் பெயர்ப்பதில்லை, ஆள்தான் சேமக்காலைக்குப் போவது. போலந்துக்காரன் வேலையை விட்டுப் போயிருந்தான். சின்ன வான் வண்டியில் காற்றுப் பம்பையும் மணலையும் ஏற்றிக்கொண்டு நான் தனியாகப் போனேன். என் கையால் செய்த கல்லை நட்ட இடத்தில் நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

மெருகு போடாத சாம்பல் கல் கையின் எண்ணெயைக் குடித்துக்கொள்ளும். தொட்ட இடம் கறுத்துப்போகும், எவ்வளவு மழை பெய்தாலும் முழுக்கப் போகாது. கணவரின் பெயரைச் சுற்றிய கோடு முழுவதும் கறுத்து மினுங்கியது. நடு முடிச்சுகளுக்குள் அந்தக் கறுப்பு ஒவ்வொரு சந்தியாகத் தாண்டி இறங்கி, நான் வெட்டித் திருப்பிய இடம் வரை வந்து, திரும்பி மேலே போனது. அந்த இடத்தைச் சுற்றி, கோடு இல்லாத பள்ளத்திலும், பக்கத்து மேட்டிலும், விரலால் தடவித் தடவித் தேடிய கறை உள்ளங்கை அளவுக்கு இருந்தது. அதற்குக் கீழே கல் புதிதாக இருந்தது. ஒருநாளும் யாரும் தொடாத வெளிறிய கோடு, வெறும் சட்டத்தைச் சுற்றிக்கொண்டு.

நான் முழந்தாளில் இருந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது பின்னால் ஒரு பெண் வந்து நின்றார். ஐம்பது வயது இருக்கும். இறந்தவரின் அக்காவின் மகள் என்றார். ஒவ்வொரு ஞாயிறும் சின்னம்மாவைக் காரில் கூட்டிவந்தது தான்தான் என்றார்.

"இந்தக் கோட்டைச் சுற்றிக் கீழே என் இடத்துக்குப் போய்விட்டு வருவேன் என்பார். ஒருநாளும் போய்ச் சேரவில்லை. எனக்கு வயதாகிவிட்டது, பாதியில் வழி மறந்துபோகிறது என்று தன்னையே ஏசிக்கொள்வார். நான் உதவி செய்யப் போனால் விடமாட்டார். கல்லில் பிழை இருக்காது, அந்த மனிதனின் கையை நான் பிடித்துப் பார்த்திருக்கிறேன் என்பார்."

நான் ரப்பர் தாளை எடுத்து விரித்தேன். அளவெடுத்து, பென்சிலால் எழுத்துகளைப் போடத் தொடங்கினேன். அந்தப் பெண் என் கையைப் பார்த்துக்கொண்டு நின்றார். எழுத்தின் வளைவை நான் வெறும் கையால் இழுத்ததைக் கண்டிருக்க வேண்டும். கொஞ்சம் குனிந்து என் முகத்தைப் பார்த்தார். இந்த நாட்டில் அதுவரை யாரும் என் முகத்தை அப்படிப் பார்த்ததில்லை.

"இந்தச் சிலுவை," என்றார், "இது நீங்கள் வரைந்ததா?"

"இல்லை," என்றேன். "நான் எழுத்து வெட்ட மட்டும் வந்தவன்."

"வரைந்தவரை உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"கண்டால் சொல்லுங்கள், சின்னம்மா ஞாயிறுதோறும் இங்கே நின்று அவருக்காகப் பிரார்த்தித்தவர்."

சொல்கிறேன் என்றேன். அவர் பூவை வைத்துவிட்டுக் காருக்குப் போனார். நான் பம்பை முடுக்கி, கீழ்ச் சட்டத்துக்குள் அந்த அம்மாவின் பெயரை வெட்டினேன்.